மலையிடுக்கின் விளிம்பில் நிற்கும் விக்டோரியா கால விடுதி: அதன் வரலாற்றை எழுதும் முறை

விடுதி ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் அதன் வாசலிலிருந்தே தொடங்குகிறார்கள். யார் கட்டினார், எந்த ஆண்டு கட்டினார், எத்தனை அறைகள், எந்தப் பெரிய மனிதர் வந்து தங்கினார் என்று அடுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டுரை தேறிவிடும். ஆனால் அந்தக் கட்டடம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்ற கேள்வி தொடப்படாமலே கிடக்கும். மலையிடுக்கின் விளிம்பில் நிற்கும் விடுதிகளுக்கு இந்தக் கேள்விதான் முதன்மையானது. செங்கல்லையும் மரத்தையும் ஏற்றுவதே பெரும்பாடாக இருக்கும் செங்குத்துப் பாறையின் தலையில் ஒருவர் பணத்தைக் கொட்டி மாளிகை எழுப்புகிறார் என்றால், அவருக்கு வெகுகாலம் முன்பே அங்கே வேறு பல காரியங்கள் நடந்திருக்க வேண்டும். எனவே கீழே ஓடும் ஆற்றிலிருந்து தொடங்கி, படிப்படியாக மேலேறி, விடுதியைக் கடைசியில் எட்டுவதே சரியான முறை என்பது என் கருத்து.

முறையை வெறும் விதிகளாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. ஆகவே ஓர் உண்மையான விடுதியையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரை ஒட்டி, ஏவன் ஆறு சுண்ணாம்புப் பாறையை அறுத்துச் செல்லும் மலையிடுக்கு ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் நீளமுடையது. அதன் கிழக்கு விளிம்பில் கிளிஃப்டன் என்ற பகுதியும், அங்கே சயான் ஹில் என்ற தெருவும் இருக்கின்றன. அந்தத் தெருவில், இடுக்கை நோக்கிய மாடத்தோடு, 1898-இல் கிளிஃப்டன் கிராண்ட் ஸ்பா அண்ட் ஹைட்ரோ என்ற விடுதி திறக்கப்பட்டது. பிற்காலத்தில் கிராண்ட் ஸ்பா ஹோட்டல் என்றும், அதற்கும் பின்னர் ஏவன் கார்ஜ் ஹோட்டல் என்றும் பெயர் மாறி, இன்றும் விடுதியாகவே இயங்கிவருகிறது.

பெயர்ப் பட்டியலும் கால வரிசையும்

முதல் வேலையாக ஒரு தாளில் அந்த விடுதிக்கு இருந்த பெயர்கள் அனைத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய செய்தித்தாள்களைத் தேடும்போது இன்றைய பெயரைக் கொடுத்தால் எதுவும் கிடைக்காது. ஏவன் கார்ஜ் என்று தேடுகிறவருக்கு 1898-ஆம் ஆண்டின் ஒரு வரிகூட அகப்படாது, ஹைட்ரோ என்றும் ஸ்பா என்றும் தேட வேண்டும். அதோடு பக்கத்தில் இருந்த மற்ற விடுதிகளின் பெயர்களையும் தனியே குறித்துக்கொள்வது அவசியம். அதே சுற்றுவட்டாரத்தில் செயின்ட் வின்சென்ட்ஸ் ராக்ஸ் ஹோட்டல், கிளிஃப்டன் டவுன் ஹோட்டல் ஆகியவையும் இருந்தன. ஒன்றின் விருந்தினரை இன்னொன்றில் தங்கவைத்துவிடுவது இத்தகைய கட்டுரைகளில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

இன்னும் முன்னே போனால் 1811-இல் திறக்கப்பட்ட நடன மண்டபமும் விடுதியும் ஒன்றாகச் சேர்ந்த கட்டடம் ஒன்று கிளிஃப்டனில் உண்டு. அதைத் தொடங்கிய கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கிரீன்வே வேலை முடியும் முன்பே கடனில் மூழ்கினார், பிறகு ஆவணத்தைப் போலியாகத் தயாரித்த குற்றத்துக்காக ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே புகழ்பெற்ற கட்டடங்களை எழுப்பினார். நம் விடுதிக்கும் இவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் கிளிஃப்டனில் விடுதி கட்டுவது எப்போதுமே ஆபத்தான தொழிலாக இருந்தது என்பதை இது காட்டுகிறது. பின்னால் வரும் கணக்குகளைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும்.

கால வரிசையைப் போடும்போது விடுதிக்கு முந்தைய ஆண்டுகளுக்கே அதிக இடம் விடுங்கள். நம் விடுதியின் வரிசையில் மிக முக்கியமான மூன்று ஆண்டுகள் இவை: 1893-இல் பாறைக்குள் ஓடும் ரயில், 1894-இல் மருத்துவ நீர் பருகும் பம்ப் ரூம், 1898-இல் விடுதி. விடுதி கடைசியில் வந்தது என்பதைக் கவனித்தவுடனேயே எழுத வேண்டிய கதையின் வடிவம் மாறிவிடுகிறது.

ஆற்றங்கரையில் தொடங்குதல்

மலையிடுக்கு விடுதிகளுக்கு அடிப்படையாக ஒரு நீர் இருக்கும்: அருவியாக இருக்கலாம், ஊற்றாக இருக்கலாம், படகு செல்லும் ஆறாக இருக்கலாம். அந்த நீரின் வரலாற்றைத் தனி அத்தியாயமாக எழுதுங்கள். கிளிஃப்டனில் அது ஒரு வெந்நீர் ஊற்று. வெந்நீர் என்பது சற்று மிகைதான். அதன் வெப்பம் ஏறக்குறைய 24 பாகை செல்சியஸ். ஆனால் குளிர்ந்த ஆற்றின் கரையில் வெதுவெதுப்பாகக் குமிழியிட்டு வரும் நீருக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டென்று மக்கள் நம்புவதற்கு அது போதுமானதாக இருந்தது. ஊற்று ஆற்றுச் சேற்றில், கடலேற்றத்தின்போது மூழ்கிவிடும் மட்டத்தில் இருந்தது. ஏவன் கலக்கும் செவெர்ன் முகத்துவாரத்தில் ஓத (கடல்நீர் மட்ட) ஏற்ற இறக்கம் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று. பெரிய ஓதத்தின்போது வித்தியாசம் ஏறக்குறைய 14 மீட்டர் வரை போகும். ஆகவே சேற்று நீர் கலக்காமல் ஊற்றுநீரை மேலே எடுக்க 1696-இல் ஆற்றங்கரையில் ஹாட்வெல் ஹவுஸ் என்ற கட்டடத்தை எழுப்பி, அதில் பம்புகளைப் பொருத்தினார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் அந்த இடம் கோடைக்கால நாகரிகத்தின் மையமாகத் திகழ்ந்தது. 1786-இல் ஆற்றங்கரையில் கட்டப்பட்ட வளைவான தூண் மண்டபம் இன்றும் நிற்கிறது. ஆனால் அந்த நூற்றாண்டு முடிவதற்குள்ளாகவே வீழ்ச்சி தொடங்கிவிட்டது. காசநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தவர்களே அதிகம் வந்து அங்கேயே இறந்துபோனதால், உடல்நலத்துக்காக வருகிற இடம் என்ற பெயர் மங்கியது; நீர் பருகும் கட்டணமும் உயர்த்தப்பட்டது. ஹாட்வெல் ஹவுஸ் 1822-இல் இடிக்கப்பட்டது. நம் விடுதி திறப்பதற்கு 76 ஆண்டுகளுக்கு முன்பே மூலக் கட்டடம் மறைந்துவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். ஸ்பா என்ற சொல்லைப் பெயரில் தாங்கிய 1898-ஆம் ஆண்டு விடுதி ஒரு தொடர்ச்சி அல்ல, இறந்துபோன ஒன்றை மீண்டும் எழுப்பும் முயற்சி. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் ‘300 ஆண்டுப் பாரம்பரியம்’ என்று எழுதுவது விளம்பரக்காரரின் வேலை. வரலாறு எழுதுகிறவர் அதைச் செய்யக் கூடாது.

காட்சியும் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றே

மலையிடுக்கின் அழகு எப்போதும் அங்கேதான் இருந்தது, ஆனால் அதைப் பார்க்கப் பணம் கொடுத்து வரலாம் என்ற எண்ணம் ஒரு காலத்தில் உருவானது. அது எப்போது, எதனால் உருவானது என்பதைத் தேடுங்கள். கிளிஃப்டனில் இதற்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. விளிம்பில் இருந்த பழைய காற்றாலை ஒன்றை வில்லியம் வெஸ்ட் என்ற ஓவியர் வாடகைக்கு எடுத்து, 1828-இல் அதில் கேமரா அப்ஸ்க்யூரா என்ற இருட்டறைக் காட்சிக் கருவியைப் பொருத்தினார்; பிறகு அங்கிருந்து பாறை முகப்பில் உள்ள குகைக்குச் சுரங்கமும் வெட்டி 1837-இல் திறந்தார். இரண்டாவது அடையாளம், அனைவரும் அறிந்த கிளிஃப்டன் தொங்கு பாலம். இசம்பார்டு கிங்டம் புரூனலின் வடிவமைப்பில் 1831-இல் தொடங்கிய வேலை, அதே ஆண்டு பிரிஸ்டலில் நடந்த கலவரத்தாலும் பிறகு பணமின்மையாலும் நின்றுபோயிற்று. புரூனல் 1859-இல் இறந்தபின், அவருடைய நினைவாக வேறு பொறியாளர்கள் லண்டனின் ஹங்கர்ஃபோர்டு பாலத்திலிருந்து கழற்றிய சங்கிலிகளைக் கொண்டு அதை முடித்து, 1864 டிசம்பரில் திறந்தார்கள். இரண்டு கோபுரங்களுக்கு இடையே 214 மீட்டர். உயர் ஓத நீர்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 75 மீட்டர்.

இந்தப் பாலம் ஆய்வாளருக்கு வேறொரு வகையிலும் உதவும். தேதியில்லாத ஓவியத்திலோ ஒளிப்படத்திலோ கோபுரங்கள் மட்டும் மொட்டையாக நின்றால் அது 1864-க்கு முந்தியது. ஆற்றங்கரையில் போர்ட்வே என்ற அகன்ற சாலை தெரிந்தால் 1920-களுக்கு முந்தியதாக இருக்க முடியாது; அந்தச் சாலை 1926-இல் திறக்கப்பட்டது. எந்த மலையிடுக்காக இருந்தாலும் இப்படிப்பட்ட நான்கைந்து அடையாளங்களை முதலிலேயே பட்டியலிட்டு வைத்துக்கொண்டால், பிறகு கைக்கு வரும் நூறு படங்களை அரை நாளில் காலப்படி அடுக்கிவிடலாம்.

அனுமதி தந்தவர் யார்?

இதைப் பலரும் கேட்பதில்லை. ஆனால் விடுதியின் பிறப்புச் சான்று பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கும். மலையிடுக்கின் நிலம் யாருடையது, அவர் என்ன நிபந்தனை விதித்தார் என்று கேளுங்கள். கிளிஃப்டனில் நிலவுடைமை மெர்ச்சன்ட் வென்ச்சரர்ஸ் என்ற வணிகர் சங்கத்திடம் இருந்தது. 1552-இல் அரச சாசனம் பெற்ற அந்தச் சங்கம் பதினேழாம் நூற்றாண்டிலேயே கிளிஃப்டன் நிலங்களை வாங்கியது. ஹாட்வெல் ஊற்றைக் குத்தகைக்கு விட்டதும் அதுதான்.

1890-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் நியூன்ஸ் என்பவர் அந்தச் சங்கத்தாரை அணுகினார். 1851-இல் மேட்லாக் பாத்தில் பிறந்தவர். 1881-இல் டிட்-பிட்ஸ் என்ற வார இதழையும் 1891-இல் ஸ்ட்ராண்ட் இதழையும் தொடங்கிப் பெரும்பணம் ஈட்டியவர். நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவருக்குச் செங்குத்தான இடங்களில் ரயில் விடுவதில் ஒரு தனி மோகம் இருந்தது. வடக்கு டெவனில் லின்டனையும் லின்மத்தையும் இணைக்கும் பாறைச் சரிவு ரயில் 1890-இல் அவருடைய ஆதரவில் திறக்கப்பட்டது. அது இன்றும் ஓடுகிறது. கிளிஃப்டனிலும் ஆற்றங்கரையையும் மேட்டையும் அப்படி இணைக்க விரும்பினார். சங்கத்தார் சம்மதித்தார்கள், ஆனால் இரண்டு விஷயங்களை வலியுறுத்தினார்கள்: ரயில் கண்ணுக்குத் தெரியாமல் பாறைக்கு உள்ளே செல்ல வேண்டும்; மேலே நீர்ச் சிகிச்சைக்கான நிலையம் ஒன்றையும் அவர் கட்டித்தர வேண்டும்.

விடுதியின் தோற்றம் இதுதான். காட்சியை ரசிக்க வந்த கூட்டத்துக்கு இடம் போதாமல் விடுதி கட்டப்பட்டது என்று யாரும் எழுதிவிடலாம். உண்மையில் ரயிலுக்கான அனுமதியின் விலையாக அது முளைத்தது. நிலவுடைமையாளரின் கூட்டக் குறிப்புகளையும் குத்தகைப் பத்திரங்களையும் தேடாமல் இந்தச் செய்தியை எட்ட முடியாது. ஆகவே வேறு எந்த விடுதியை எடுத்துக்கொண்டாலும் உரிமையாளரின் பெயரைக் கண்டவுடன் நிறுத்திவிடாமல், அவருக்கு நிலம் கொடுத்தவரின் காகிதங்கள் இன்று எந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன என்று விசாரியுங்கள்.

ரயிலையும் எண்களையும் சோதித்தல்

போக்குவரத்து அத்தியாயத்தில் எண்கள் நிறைய வரும். எந்த எண்ணையும் தனியாக நம்பக் கூடாது, ஒன்றை இன்னொன்றோடு மோதவிட்டுப் பார்க்க வேண்டும். கிளிஃப்டன் பாறை ரயிலின் பொறியாளர் ஜார்ஜ் குரோய்டன் மார்க்ஸ். 1891 மார்ச்சில் தொடங்கிய வேலை ஓராண்டில் முடியும் என்று கணித்தார்கள். பாறையின் தன்மையால் இரண்டு ஆண்டுகள் பிடித்தது. சுரங்கத்தின் நீளம் ஏறக்குறைய 500 அடி, அகலம் 27 அடி 6 அங்குலம், சரிவு 2.2-க்கு 1 (கிடையாக 2.2 அடிக்கு 1 அடி ஏற்றம்). இந்த நீளமும் சரிவும் உண்மையென்றால் ஏற்றம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கணக்கிட்டால் 207 அடி வருகிறது. உயரம் 200 அடி என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவதோடு இது பொருந்துகிறது. ஏதாவது ஓர் ஏட்டில் 300 அடி என்று கண்டால், அந்த ஏட்டின் மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும்.

இயங்கும் முறையையும் இரண்டு வரியில் விளக்குவது நல்லது, ஏனெனில் வாசகர் அதைத்தான் விரும்பிப் படிப்பார். நான்கு தண்டவாளப் பாதைகளில் இரண்டு இணைகளாகப் பெட்டிகள் ஓடின. கம்பிவடத்தால் பிணைக்கப்பட்ட ஓரிணையில் மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில் நீரை நிரப்புவார்கள். பளு கூடியதும் அது இறங்க, கீழே தொட்டியைக் காலி செய்துகொண்ட பெட்டி மேலேறும். இறங்கிய நீரை எரிவாயு எஞ்சின்கள் மீண்டும் மேலே ஏற்றின.

இனி வருமானக் கதைக்கு வருவோம். 1893 மார்ச் 11-ஆம் தேதி ரயில் திறந்த அன்று 6,220 பேர் பயணம் செய்தார்கள். முதல் ஆண்டு மொத்தம் 4,27,492 பயணங்கள். பெரிய எண்ணாகத் தோன்றுகிறது. ஆனால் 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்குச் சராசரி 1,170 பயணங்கள் மட்டுமே. திறப்பு நாளின் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 10,000 பவுண்டு ஆகும் என்று நினைத்த வேலைக்கு 30,000 பவுண்டு செலவானதாகச் சொல்லப்படுகிறது. 1908-இல் நிறுவனம் கடன் கொடுத்தவர்கள் சார்பான நிர்வாகிகளின் கைக்குப் போனது. 1912-இல் பிரிஸ்டல் டிராம்வே நிறுவனம் ரயிலை 1,500 பவுண்டுக்கு வாங்கியது. செலவில் இருபதில் ஒரு பங்கு. பழைய பணத்தை இன்றைய பணத்துக்கு மாற்றிக் காட்டும் ஆசை எழுதுகிறவர்களுக்கு இயல்பாகவே வரும். அதைவிட, அதே காலத்துக்குள் இப்படி விகிதமாகக் காட்டுவதே தெளிவானது, தவறும் நேராது. பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்னி என்ற பழைய கணக்கை மட்டும் ஓரிடத்தில் சொல்லிவிட்டால் போதும்.

விடுதிக்குள் நுழைதல்

இப்போதுதான் கட்டடத்துக்கு வரலாம். முதலில் பெயரைப் பிரித்துப் படியுங்கள். கிராண்ட் என்பது பெருநகர மாளிகை விடுதிகளிலிருந்து வந்த பகட்டுச் சொல். ஸ்பா என்பது பழைய ஊற்றின் புகழைக் கடன் வாங்குகிறது. ஹைட்ரோ என்பதே உண்மையான தொழிலைச் சொல்கிறது: ஹைட்ரோபதி என்ற நீர்ச் சிகிச்சை. வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் என்பவர் ஆஸ்திரிய ஆட்சிக்குட்பட்ட கிரேஃபென்பெர்க்கில் தொடங்கிய குளிர்நீர்ச் சிகிச்சை, 1842-இல் இங்கிலாந்தின் மால்வெர்னுக்கு வந்து, பிறகு ஜான் ஸ்மெட்லியின் முயற்சியால் மேட்லாக்கில் பெருந்தொழிலாக வளர்ந்தது. நியூன்ஸ் பிறந்த ஊர் மேட்லாக்குக்குப் பக்கம் என்பதைப் பார்க்கும்போது, கிளிஃப்டனில் அவர் எந்த முன்மாதிரியை மனத்தில் வைத்திருப்பார் என்று ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தை ஊகமென்றே எழுத வேண்டும். ஹைட்ரோ என்பது ஊற்றுநீர் பருகும் ஸ்பாவிலிருந்து வேறுபட்டது, அதில் சாதாரணத் தண்ணீரே போதும், ஈரத் துணி சுற்றுதலும் குளியலும் தேய்த்தலும்தான் சிகிச்சை. இரண்டையும் ஒரே பெயரில் ஒட்டிவைத்ததிலேயே அந்த முயற்சியின் தடுமாற்றம் தெரிகிறது.

விடுதியோடு ஒட்டிய பம்ப் ரூம் தூண்களோடு கூடிய ஆடம்பரமான மண்டபம். கீழேயிருந்து உயர்த்தப்பட்ட ஊற்றுநீரை அங்கே விருந்தினர் பருகினார்கள். ஊற்றுநீர் வியாபாரம் நெடுநாள் தாங்கவில்லை. மண்டபம் பின்னர் திரையரங்கமாகவும் நடனக்கூடமாகவும் மாறியது. ஒரு விடுதியின் வரலாற்றில் இப்படிப்பட்ட பயன்பாட்டு மாற்றங்களே மிக நேர்மையான சான்றுகள். விளம்பரம் பொய் சொல்லலாம். குளியலறையை இடித்துவிட்டு நடனத் தரை போட்டவர் பொய் சொல்ல மாட்டார்.

உள்ளே வாழ்ந்தவர்களை அறியக் குடிக்கணக்குப் பதிவேடுகளைப் பாருங்கள். இங்கிலாந்தில் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கில், அந்த இரவு ஒரு கூரையின் கீழ் இருந்த ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில், பிறந்த ஊர் ஆகியவை இருக்கும். விருந்தினர்கள் மட்டுமல்ல, சமையற்காரர்கள், பணிப்பெண்கள், குளியல் உதவியாளர்கள் எல்லோரும் அதில் வருவார்கள். நம் விடுதிக்கு 1901, 1911, 1921 ஆகிய மூன்று கணக்குகள் பயன்படும். ஆனால் முதல் இரண்டும் மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ எடுக்கப்பட்டவை. கோடை விடுதி அப்போது பாதி காலியாகத்தான் இருக்கும். 1921-ஆம் ஆண்டின் கணக்கு வேலைநிறுத்தத்தால் தள்ளிப்போய் ஜூன் 19 அன்று எடுக்கப்பட்டது. ஆகவே 1911-ஐயும் 1921-ஐயும் அப்படியே ஒப்பிட்டு, விருந்தினர் எண்ணிக்கை கூடிவிட்டது என்று முடிவு கட்டினால் அது பருவத்தைத்தான் அளந்ததாகும். 1931-ஆம் ஆண்டின் பதிவேடுகள் 1942-இல் தீயில் அழிந்தன. 1941-இல் கணக்கு எடுக்கப்படவே இல்லை. இடையில் 1939 செப்டம்பர் 29 அன்று போர்க்காலத்துக்காக எடுத்த பதிவேடு ஒன்றுதான் துணை.

வரைபடங்களைப் பொறுத்தவரை ஆர்டினன்ஸ் சர்வே நிறுவனம் மைலுக்கு 25 அங்குல அளவில் வெளியிட்டவை போதுமானவை. பிரிஸ்டலுக்கு 1880-களின் அளவீட்டையும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்திய பதிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தால், முதலாவதில் வெறும் தோட்டமாக இருக்கும் இடத்தில் இரண்டாவதில் விடுதி எழுந்திருக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பிரிஸ்டல் நகராட்சியின் நோ யுவர் பிளேஸ் தளம் பழைய வரைபடங்களை இன்றைய வரைபடத்தின்மேல் அடுக்கிக் காட்டுகிறது. கட்டட அனுமதி வரைபடங்கள் பிரிஸ்டல் ஆவணக் காப்பகத்திலும், கலைக்கப்பட்ட பங்கு நிறுவனங்களின் கோப்புகளில் எஞ்சியவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பிடி 31 என்ற வரிசையிலும் இருக்கும். நிறுவனக் கோப்பு கிடைத்தால் விடாதீர்கள். பங்குதாரர்களின் தொழிலும் ஊரும் அதில் இருக்கும், உள்ளூர் மக்கள் அந்த விடுதியை நம்பினார்களா என்பதை அதைவிட நன்றாக வேறெதுவும் சொல்லாது.

செய்தித்தாள்களில் திறப்பு விழாச் செய்தியைத் தேடுவது எல்லோரும் செய்வது. அதைவிட விளம்பரப் பக்கத்தை ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே மாதத்தில், தொடர்ந்து பார்த்துக்கொண்டே வாருங்கள். சிகிச்சை பற்றிய வரிகள் குறைந்து, இசை நிகழ்ச்சியும் இரவு விருந்தும் கூடிக்கொண்டே போகும் ஆண்டைக் கண்டுபிடித்தால், ஹைட்ரோ ஹோட்டலாக மாறிய ஆண்டைக் கண்டுபிடித்ததாகும். பலகையில் பெயர் மாறுவது அதற்குப் பின்னரே.

அஞ்சலட்டைகளுக்குத் தனி எச்சரிக்கை தேவை. முத்திரையில் உள்ள தேதி அட்டை அனுப்பிய நாளைத்தான் சொல்கிறது. படம் எடுத்த நாள் அதற்குப் பத்தாண்டு முந்தியதாகவும் இருக்கலாம். பின்பக்கம் முகவரிக்கும் செய்திக்கும் இரண்டாகப் பிரிக்கப்படாமல் இருந்தால் பொதுவாக 1902-க்கு முந்திய அச்சு. உள்நாட்டு அஞ்சலட்டைக்கு அரைப் பென்னி அஞ்சல்தலை ஒட்டப்பட்டிருந்தால் 1918 ஜூனுக்கு முன் அனுப்பியது. அந்த மாதம் கட்டணம் ஒரு பென்னியாக உயர்ந்தது.

கதைகளை எடைபோடுதல்

பழைய விடுதிகள் எல்லாவற்றுக்கும் ஓர் அரச விருந்தினரும் ஓர் ஆவியும் உண்டு. ஆவியை விட்டுவிடலாம். அரச விருந்தினரைப் பொறுத்தவரை, அந்த நாளின் செய்தித்தாள் அவர் எங்கே இருந்ததாகச் சொல்கிறது என்று பாருங்கள்; அவ்வளவுதான். அதில் அரைமணி நேரத்துக்கு மேல் செலவிட வேண்டாம்.

கவனமாகச் சோதிக்க வேண்டியவை கேட்பதற்கு நம்ப முடியாதவைபோல் இருந்தும் உண்மையாக இருக்கும் செய்திகள். கிளிஃப்டனின் சுரங்கத்துக்குள் பிபிசி வானொலி நிலையம் இருந்தது என்று உள்ளூரில் சொன்னால் கட்டுக்கதை என்றே தோன்றும். ஆனால் அது நிகழ்ந்ததே. ஆற்றங்கரையில் இருந்த ஹாட்வெல்ஸ் ரயில் நிலையம், போர்ட்வே சாலைக்கு இடம்விடுவதற்காக 1920-களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கீழேயிருந்து வருகிறவர்கள் குறைந்தார்கள். பாறை ரயில் 1934 செப்டம்பர் இறுதியோடு நின்றது. இரண்டாம் உலகப்போரில் அந்தச் சுரங்கத்தின் ஒரு பகுதி விமானத் தாக்குதலிலிருந்து பொதுமக்கள் ஒளிந்துகொள்ளும் இடமாகவும், இன்னொரு பகுதி பிபிசியின் அவசரகால ஒலிபரப்பு நிலையமாகவும் பயன்பட்டது. பிபிசி 1960 வரை அங்கே இருந்தது. விடுதியின் தரைக்கு அடியில் இவ்வளவும் நடந்திருக்க, விடுதியைப் பற்றி மட்டும் எழுதுகிறவர் இதை ஒரு வரியில் கடந்துவிடுவார்.

நேரில் செல்ல வாய்ப்புக் கிடைத்தால்

இந்த வரிசையில் பாருங்கள். ஓதம் வடிந்திருக்கும் வேளையைத் தெரிந்துகொண்டு முதலில் ஹாட்வெல் சாலைக்குப் போய், சேற்றுக் கரையைப் பார்த்தால் ஊற்றை மேலே எடுக்கப் பம்பு ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும். பிறகு தூண் மண்டபம். அதன்பின் பாறை முகப்பில் அடைபட்டு நிற்கும் ரயிலின் கீழ் நிலையம். சாலையின் இரைச்சலுக்கு நடுவே அது எவ்வளவு தனித்துப்போய் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2005 முதல் தன்னார்வலர்கள் இந்த ரயிலின் மிச்சங்களைச் சீரமைத்து வந்தார்கள். பொதுமக்கள் பார்க்கத் திறக்கும் நாட்கள் உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. பிறகு ஸிக் ஸாக் என்ற வளைந்து வளைந்து ஏறும் நடைபாதையில் மேலே செல்லுங்கள். மூச்சு வாங்கும். ரயில் கட்டணமான ஒரு பென்னி, அரைப் பென்னிக்கு மக்கள் எதை வாங்கினார்கள் என்பது அந்த ஏற்றத்தில்தான் தெரியும். ஓய்வெடுக்க எத்தனை இடத்தில் நின்றீர்கள் என்பதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

மேலே வந்ததும் சயான் ஹில்லில் ரயிலின் மேல் நிலையம், அதை ஒட்டிப் பம்ப் ரூம், அடுத்து விடுதி என்று மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்பதைப் பார்க்கலாம். 1893, 1894, 1898 என்ற வரிசை அங்கே கல்லில் இருக்கிறது. விடுதியின் மாடத்திலிருந்து தொங்கு பாலமும் எதிர்க்கரைக் காடும் தெரியும், கீழே ஆறு தெரியும். ரயில் மட்டும் தெரியாது. வணிகர் சங்கத்தார் விரும்பியபடியே அது இன்னமும் பாறைக்குள் மறைந்திருக்கிறது. உங்கள் கட்டுரையில் அதை எந்தப் பக்கத்தில் கொண்டுவருவது என்பதை அங்கே நின்றுகொண்டே முடிவு செய்துவிடுங்கள்.